ஹேடீஸுக்கு ஓர் ஓட்டு

டிஸ்னியின் 'ஹெர்குலிஸ்' பற்றி யாரிடம் கருத்துக் கேட்டாலும் முதலில் வருவது குற்றப்பத்திரிகைதான். 1997-இல் வந்த கார்ட்டூன் படம். 'அலாவுதீன்' எடுத்த ரான் கிளெமன்ட்ஸும் ஜான் மஸ்கரும் சேர்ந்து இயக்கியது. ஆலன் மென்கென் இசை. பாட்டு நன்றாக இருக்கிறது என்பதில் பெரும்பாலும் தகராறு இல்லை. தகராறெல்லாம் கதையில்தான். "புராணத்தில் இப்படியா இருக்கிறது?" என்று ஒரு கோஷ்டி இன்னமும் கொதித்துக்கொண்டிருக்கிறது. அவர்களிடம் நான் பணிவோடு கேட்பது ஒன்றுதான்: புராணத்தில் உள்ளபடியே எடுத்திருந்தால் யாரோடு போய்ப் பார்த்திருப்பீர்கள்?

மூலக்கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பிள்ளைகளை அடுத்த அறைக்கு அனுப்பிவிடுங்கள். ஆம்ஃபிட்ரியோன் ஊரில் இல்லாத நேரம் பார்த்து, அவன் உருவத்திலேயே அவன் மனைவி ஆல்க்மீனியிடம் போகிறார் கடவுளரின் அரசர் சீயஸ். அகலிகை கதை தெரிந்த நமக்கு மேற்கொண்டு விளக்கம் வேண்டாம். ஆனால் இந்திரனுக்குச் சாபமாவது கிடைத்தது. இவர் ஓர் இரவை மூன்று இரவாக நீட்டிக்கொண்டார், கேட்பாரில்லை. அப்படிப் பிறந்தவன்தான் ஹெராக்ளீஸ், அதாவது படத்தின் ஹெர்குலிஸ். சீயஸின் மனைவி ஹீரா, புருஷனை ஒன்றும் செய்ய முடியாத ஆத்திரத்தில், தொட்டிலில் கிடந்த பிள்ளைமேல் இரண்டு பாம்புகளை ஏவினாள். பிள்ளை இரண்டையும் நெரித்துப் போட்டது. வளர்ந்து மெகராவைக் கட்டிக்கொண்டு பிள்ளைகுட்டியோடு இருந்தவனுக்குப் பைத்தியம் பிடிக்க வைத்ததும் அவள்தான். பெற்ற பிள்ளைகளை அவனே கொன்றான். அதற்குப் பிராயச்சித்தம்தான் புகழ்பெற்ற 12 பணிகள். கடைசியில் பின்னால் கட்டிக்கொண்டவள் விவரம் தெரியாமல் கொடுத்தனுப்பிய விஷ அங்கியைப் போட்டு உடல் வெந்து, தானே சிதை அடுக்கச் சொல்லி ஏறிப் படுத்தான். தெஸ்பியஸ் அரசனின் 50 மகள்கள் விவகாரத்தைப் பிள்ளைகள் தூங்கிய பிறகும் சொல்வதாக இல்லை.

இதைக் குடும்பப் படமாக்கச் சொன்னால் யாராக இருந்தாலும் கை நடுங்கும். படத்தில் ஹீராதான் பெற்ற தாய். சீயஸ் ஏகபத்தினி விரதர்.

கிரேக்கர்களுக்கு இது பிடிக்கவில்லை. ஏதென்ஸில் ப்னிக்ஸ் குன்றின்மேல் திறந்தவெளியில் படத்தைத் திரையிட டிஸ்னி அனுமதி கேட்க, அரசு மறுத்துவிட்டது. பழைய ஏதென்ஸின் மக்கள் சபை கூடிய இடம் அது. குடிமகன் எவனும் எழுந்து நின்று அபிப்பிராயம் சொல்லலாம் என்றிருந்த குன்றில், அபிப்பிராயம் படத்துக்கு முன்பே வந்துவிட்டது.

அவர்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் அவர்களுடைய முன்னோர் மட்டும் கதையைத் தொடாமலா வைத்திருந்தார்கள்? யூரிப்பிடீஸ் தன் நாடகத்தில் பணிகளையெல்லாம் முடிக்க வைத்து, அதற்குப் பிறகு பைத்தியத்தைக் கொண்டுவந்தார். பிராயச்சித்தம் முன்னால், பாவம் பின்னால்! அரிஸ்டோஃபனீஸோ மாவீரனைச் சாப்பாட்டு ராமனாக்கி மேடையேற்றி ஊரையே சிரிக்க வைத்தார். அவர்களுக்கும் முன்அனுமதி யாரும் கொடுத்ததாகத் தெரியவில்லை.

எங்கள் வீட்டில் புராண கோஷ்டியின் தலைமை என் அக்கா மகளிடம் இருக்கிறது. கிரேக்கப் புராணத்தை வைத்து எழுதிய பெர்சி ஜாக்சன் புத்தகங்களைக் கரைத்துக் குடித்தவள். ரிமோட்டை அவளிடம் கொடுத்துவிட்டுப் படம் பார்ப்பது நீதிமன்றத்தில் உட்காருவது மாதிரி.

"மாமா, நிறுத்து. ஃபில் யாரு தெரியுமா? ஃபிலாக்டிடீஸ். ஹெராக்ளீஸோட சிதைக்குத் தீ வெச்சவரு. அவருக்குப் போய் ஆட்டுக்கால் வெச்சு கோச் ஆக்கியிருக்காங்க."

"டேனி டிவீட்டோ குரல் நல்லா இருக்கேம்மா."

"அது வேற. பெகாசஸ் மெடூசாவோட கழுத்துலேர்ந்து வந்த குதிரை. இங்க சீயஸ் மேகத்தைப் பிடிச்சு உருட்டிக் குடுக்குறாரு."

என் அம்மா தாசில்தார் அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருக்குப் புராணம் பற்றிப் புகார் இல்லை. மெகராவைப் பார்த்ததும், "இந்தப் பொண்ணு சாப்பிடுமா சாப்பிடாதா? இடுப்பே காணோமே" என்றார். காதலனைக் காப்பாற்ற ஆன்மாவையே அடகு வைத்தாள், அவனோ வேறொருத்தியோடு போய்விட்டான் என்று தெரிந்ததும், "ஜாமீன் கையெழுத்துப் போடும்போது யோசிக்கணும்" என்று வழக்கை முடித்துவிட்டார். அதற்குப் பிறகு மெகராவின் ஒவ்வொரு குத்தல் பேச்சுக்கும் சத்தமாகச் சிரித்தார். இதில் அம்மா தனியாள் இல்லை. இந்தப் படத்தில் நாயகனைவிட நாயகி தேவலை என்பது ரொம்பப் பேர் சொல்லும் கருத்து. எனக்கும் அதுதான்.

கலைத்தேவதைகள் விஷயத்தில் வீடு இரண்டுபட்டது. ஒன்பது பேர் இருக்க வேண்டிய இடத்தில் ஐந்து பேர். அவர்களும் அமெரிக்கக் கறுப்பினத் தேவாலயங்களின் காஸ்பெல் பாணியில் கையைத் தட்டிப் பாடுகிறார்கள். படத்திலேயே உயிருள்ள பகுதி அதுதான் என்பது என் கட்சி. உறுத்துவது வேறு. வரலாற்றுக்கு உரிய கிளையோ அந்த ஐவரில் ஒருத்தி. நடந்ததெல்லாம் தெரிந்தவள், கோரஸில் நின்று இந்தக் கதைக்கு வாயசைக்கிறாள்! படம் முடியும்போது சீயஸ் மகனுடைய உருவத்தை வானத்தில் நட்சத்திரங்களாக எழுதுகிறார்; விண்மீன்களுக்கு உரிய யுரேனியாவையோ ஐவரில் சேர்க்கவே இல்லை.

ஹெர்குலிஸ் பெயரில் செருப்பும் குளிர்பானமும் விற்பதைப் படமே கேலி செய்கிறது. அதே படத்தின் பொம்மைகளைக் கடையில் அடுக்கியதும் படத்தை எடுத்த கம்பெனியேதான். இதற்குத் தனித் துணிச்சல் வேண்டும்.

என் உண்மையான வருத்தம் படத்தின் வில்லன் ஹேடீஸுக்காக. ஜெரால்ட் ஸ்கார்ஃப் என்ற ஆங்கிலேயக் கார்ட்டூனிஸ்டின் கோட்டு வளைவும், தலையில் எரியும் நீலத் தீயும், ஜேம்ஸ் வுட்ஸின் வியாபாரிப் பேச்சுமாகப் படத்தை அள்ளிக்கொண்டு போகிறவர் அவர். எல்லோரும் ரசிக்கிறார்கள், யாரும் வக்காலத்து வாங்குவதில்லை. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்களே, அதுதான். ஹீரா அனுப்பிய பாம்புகள் இவர் கணக்கில் ஏறிவிட்டன. டைட்டன்களைக் கிளப்பிவிட்டதும் இவராம். மூலத்தில் டைட்டன்களோடு நடந்த போரில் இவர் சீயஸோடு நின்றவர். மூன்று சகோதரர்களும் சீட்டுப் போட்டுப் பார்த்ததில் ஒருவருக்கு வானம், ஒருவருக்குக் கடல், இவருக்குப் பாதாளம். இடமாறுதல் கேட்காமல் அங்கேயே இருந்து வேலை பார்த்த மனிதர். பெர்ஸிஃபனியைத் தூக்கிப் போனது குற்றம்தான், மறைக்கவில்லை. அதற்கும் பெண்ணின் அப்பா சீயஸிடம் சம்மதம் வாங்கியிருந்தார்; பெண்ணையும் பெற்றவளையும்தான் இரண்டு பேரும் கேட்கவில்லை.

ஹெராக்ளீஸிடம் அவர் நடந்துகொண்டதைப் பாருங்கள். கடைசிப் பணியாகப் பாதாளத்தின் காவல்நாய் செர்பெரஸைப் பிடித்துவர வேண்டும். நேரே போய்க் கேட்டான். ஆயுதம் எடுக்காமல் அடக்க முடிந்தால் கூட்டிப் போ என்றார் ஹேடீஸ். அடக்கினான், கூட்டிப் போனான், வேலை முடிந்ததும் திருப்பிக் கொண்டுவந்து விட்டான். அந்த வம்சத்தின் மொத்தக் கதையிலும் ஒழுங்காக முடிந்த கொடுக்கல் வாங்கல் அநேகமாக இது ஒன்றுதான். அந்த மனிதரைத்தான் படத்தில் நாயகன் ஒரே குத்தில் பாதாளத்து ஸ்டிக்ஸ் ஆற்றில் தள்ளுகிறான். இறந்தவர்கள் எல்லாரும் சேர்ந்து காலைப் பிடித்து உள்ளே இழுக்கிறார்கள்.

அக்கா மகள் படத்தை நிறுத்தினாள். "அப்போ இனிமே செத்தவங்களை எல்லாம் யாரு பாத்துக்குவாங்க?"

"யாருக்காவது கூடுதல் பொறுப்பு குடுத்திருப்பாங்க" என்றார் அம்மா. "ரெகுலர் போஸ்டிங் வர்றதுக்குள்ள அந்தாளே நீந்திக் கரையேறிடுவான்."