கட்டில் உங்களோடு, கதவு வீட்டோடு

கேள்வி: கணவர் திவால் மனு போட்டிருக்கிறார். வங்கியில் அடமானம் வைத்த வீடு ஏலத்துக்குப் போகிறது. காலி செய்யும்போது எதையெல்லாம் எடுத்துப் போகலாம்?
– ஒரு வாசகி, விருதுநகர்

பதில்: கட்டில், மெத்தை, சமையல் பாத்திரம், உடுதுணி எல்லாம் தைரியமாக எடுத்துச் செல்லுங்கள் அம்மா. 1908ஆம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60ஆம் பிரிவு, கடனாளியிடமிருந்து இவற்றைப் பறிக்கவே கூடாது என்கிறது. சமய வழக்கப்படி கழற்றக் கூடாத தாலியும், கைவினைஞரின் கருவிகளும், உழவரின் ஏர், மாடு, விதைநெல்லும் அதில் அடக்கம். கடன்காரர் வீட்டை வாங்கலாம். அடுப்பங்கரைச் சட்டியை வாங்க முடியாது! 1920ஆம் ஆண்டின் மாகாணத் திவால் சட்டமும் இவற்றைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

ஆனால் கதவு, ஜன்னல், பூட்டு, சாவி, நிரந்தரமாகப் பொருத்திய சாதனங்கள் எல்லாம் வீட்டைச் சேர்ந்தவை. 1882ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. ஆத்திரத்தில் ஜன்னல் கம்பியைப் பெயர்த்தால், கடனோடு வழக்கும் சேரும்.

கணவர் பெயரில் உள்ள டிவி, பைக் போன்றவற்றைச் சொத்துப் பட்டியலில் காட்டியாக வேண்டும். மோசடியாக மறைத்தால் ஓராண்டு வரை சிறை. நீங்கள் கையெழுத்துப் போடாத கடனுக்கு உங்கள் சீர்வரிசை பொறுப்பல்ல; ரசீதுகளைப் பத்திரமாக வையுங்கள்.

பெண்களுக்கு வருமான வரம்பின்றி இலவச சட்ட உதவி உண்டு. எதையும் கழற்றுமுன் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போய்க் கேளுங்கள்.