எதிர்க்கரையில் ஆபீஸ் உள்ளவர்களுக்கு

முதல் வேலையாக, போர்ட் பிளேருக்கு எதிர்க்கரையான பேம்பூ ஃபிளாட்டில் வீடு பாருங்கள். வாசலில் நின்றால் தண்ணீருக்கு அந்தப் பக்கம் சாத்தம் தீவும் 1883-ல் தொடங்கிய மரமில்லும் தெரியும். "ஆபீஸ் இதோ தெரியுதே சார்" என்பார் வீட்டுக்காரர். பொய்யில்லை. நடுவில் கடல் இருப்பதை அட்வான்ஸ் கொடுத்த பிறகு கவனித்தால் போதும்.

போட்டில் கால் மணி நேரப் பயணம்தான். ரோட்டில்தான் போவேன் என்று அடம்பிடித்தால், நிலத்துக்குள் நீண்டு கிடக்கும் விரிகுடாவை முழுக்கச் சுற்றி, விம்பர்லிகஞ்ச், ஃபெரார்கஞ்ச் எல்லாம் பார்த்துவிட்டு, நாற்பது கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிப் போய்ச் சேரலாம். 2024-ல் போர்ட் பிளேர் ஸ்ரீ விஜயபுரம் ஆனது. தூரம் அப்படியேதான் இருக்கிறது.

ஸ்கூட்டரோடு போட்டில் ஏறுவது தனிக் கலை. கண்ணாடியோடு கண்ணாடி உரசும்படி நிறுத்துங்கள். இடைவெளி விட்டால் அதில் ஒரு மீன் கூடை வந்து உட்காரும். ஹெல்மெட்டைக் கழற்றாதீர்கள், கழற்றினால் யாராவது சீட்டுக் கட்டச் சொல்வார்கள். கரை நெருங்கியதும், கயிறு கட்டுவதற்கு முன்பே எல்லா வண்டியும் ஸ்டார்ட் ஆகும். அந்தப் புகையில் இரண்டு நிமிடம் மூச்சடக்குவதைப் பிராணாயாமக் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள். முன்பலகை டங்கென்று ஜெட்டியில் விழுந்ததும் எல்லோரோடும் சேர்ந்து பாயுங்கள். மழைக்காலத்தில் அதன்மேல் பிரேக் மட்டும் பிடிக்காதீர்கள். நான் ஒருமுறை பிடித்தேன். சாப்பாட்டு டப்பா எனக்கு முன்னால் கரையேறியது.

"போட் லேட்" என்ற காரணம் இங்கே செல்லாது. மேலதிகாரியும் அதே போட்டில், உங்களுக்கு முன்னால்தான் வண்டியை நிறுத்தியிருப்பார்.

சீக்கிரம் எழுவது சிரமமே இல்லை. ஜூனில் ஐந்து மணிக்கெல்லாம் விடிந்துவிடும். கடிகாரம் மட்டும் மிர்சாபூர் பக்கத்துத் தீர்க்கரேகைக்கு வைத்தது. டிசம்பரில் ஐந்து மணிக்கு ஆபீஸை விட்டு வந்தால் ஜெட்டியில் இருட்டு காத்திருக்கும்.

பாராடாங்குக்கு மாற்றலாகியிருந்தால் வேறு பாடம். ஜிர்காடாங் செக்போஸ்ட்டில் கான்வாய்க்குக் காத்திருங்கள். ஜாரவா மக்களின் காட்டுக்குள் நிறுத்தக் கூடாது, முந்தக் கூடாது, படம் எடுக்கக் கூடாது. (அவர்கள் வீட்டுக்குள் நாம் ரோடு போட்டிருக்கிறோம், இந்த அளவு மரியாதைகூடக் கம்மிதான்.) காடு முடிந்ததும் மிடில் ஸ்ட்ரெய்ட்டில் மறுபடி போட்.

தாம்பரத்து மச்சான் போன் பண்ணி பீச் ஸ்டேஷன் வரை நின்றுகொண்டே போன கதையைச் சொன்னால் பொறுமையாகக் கேளுங்கள். அவர் இங்கே வந்தால் ஹாரியட் மலைக்கு, அதாவது இப்போதைய மணிப்பூர் மலைக்கு, கூட்டிப் போங்கள். அஸ்தமனம் பார்த்துவிட்டுத்தான் இறங்குவேன் என்பார். விடாதீர்கள். 1872 பிப்ரவரி 8 அன்று வைஸ்ராய் மேயோ பிரபுவும் அதே மலையில் அஸ்தமனம் பார்த்துவிட்டு இருட்டிய பிறகுதான் ஹோப் டவுன் ஜெட்டிக்கு இறங்கினார். படகில் ஏறப் போகும் நேரத்தில் ஷேர் அலி என்ற கைதி கத்தியால் குத்திக் கொன்றுவிட்டார். இதை மலையுச்சியில் வைத்துச் சொன்னால் மச்சான் மளமளவென்று இறங்குவார். போட்டில் உட்காரவும் இடம் கிடைக்கும்.