சொன்ன சொல் தவறாத மெஷின்

எங்கள் வீட்டு வாஷிங் மெஷினைப் போல் சொன்ன சொல் தவறாத பொருளை நான் பார்த்ததில்லை. கதவில் ஒட்டிய தாளில் 8 கிலோ என்று இருந்தது. 8 கிலோ துவைக்கிறது. துணி காய்ந்திருக்கும்போது அந்த எடை இருக்க வேண்டும், காட்டன் புரோகிராம் வைக்க வேண்டும், அவ்வளவுதான். பிள்ளைகளின் பாலியஸ்டர் சீருடைக்கான புரோகிராமில் அதே டிரம் 4 கிலோவோடு போதும் என்கிறது. அவசரத்துக்கு வைக்கும் 15 நிமிடப் புரோகிராமில் 2 கிலோ. எதையும் அது மறைக்கவில்லை. கையேட்டின் கடைசிப் பக்கங்களில், பொடி எழுத்தில், கட்டம் போட்டே அச்சிட்டிருக்கிறார்கள்.

பிழிவதில் மகாசூரன். நிமிடத்துக்கு 1400 சுற்று. அதே டிரம் 1000 சுற்றில் இழுக்கும் விசையைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு இது. ஐப்பசி அடைமழையில் போர்வையை எடுத்தால் கையில் ஈரம் ஒட்டாது. சித்திரை வெயிலில் மாடிக்கொடியில் ஒரு மணி நேரத்தில் காயும் காட்டன் சேலைக்கும் அதே பலத்தை வஞ்சகமில்லாமல் காட்டுகிறது. அது போட்ட மடிப்பு லேசில் போகாது; இஸ்திரிக்காரர் தண்ணீர் தெளித்துத் தெளித்துத் தேய்க்கிறார்.

பொறுமையிலும் அதற்கு இணையில்லை. எங்கள் தெருவில் போர் தண்ணீர்தான். பக்கெட்டின் ஓரத்தில் வெள்ளையாகப் படியும். அந்த உப்பையெல்லாம் உள்ளே இருக்கும் ஹீட்டர் எங்களுக்குத் தெரியாமலேயே தாங்கியிருக்கிறது. மூன்றாம் ஆண்டில் மெக்கானிக் அதை வெளியே இழுத்தபோது கம்பியே தெரியவில்லை. சுண்ணாம்பு பூசியதுபோல் ஒரு வெள்ளைத் தடி. நகத்தால் சுரண்டினேன், ஓடு ஓடாக உதிர்ந்தது. கதவைச் சுற்றிய ரப்பரும் அப்படித்தான், விட்டதைக் காப்பாற்றி வைக்கும்: மடிப்பை விரித்தால் ஒரு ஹேர்பின், ஒரு ரூபாய்க் காசு, கறுத்த வழவழப்பு. ஒவ்வொரு முறையும் துடைத்துவிட்டுக் கதவைத் திறந்து வைத்தால் அந்த வழவழப்பு வராது என்று மெக்கானிக்தான் சொன்னார்.

உண்மையைத் தவிர வேறு பேசாது. நாங்கள் மேல்மாடி. தண்ணீர்த் தொட்டி குழாய்க்கு 2 மீட்டர் மேலே இருக்கிறது. மெஷின் கேட்பது 0.3 பார் அழுத்தம், அதாவது 3 மீட்டர் உயரத் தண்ணீர். தண்ணீர் போதவில்லை என்று எழுத்தைக் காட்டி அசையாமல் நின்றது, நாங்கள் பிரஷர் பம்பு வாங்கி மாட்டும் வரை. விற்ற கடைக்காரரோ நாகரிகமானவர். வைஃபை வசதியை அரை மணி நேரம் விளக்கினார். எந்த மாடி, என்ன தண்ணீர் என்று குடும்ப விஷயம் எதையும் கேட்கவில்லை.

மோட்டாருக்கு 10 ஆண்டு உத்தரவாதம் என்றார்கள். கல்லுப்போல் இருக்கிறது. இன்வெர்ட்டர் மோட்டார், துணிக்குத் தக்கபடி வேகத்தைக் கூட்டிக் குறைக்கும், சத்தம் குறைவு. கரண்ட் போனாலும் ஓடும் என்று அத்தை எண்ணியிருந்தார், அந்தப் பொருள் அந்தப் பெயருக்கு இல்லை. நின்றுபோனது மோட்டாருக்கு ஆணையிடும் போர்டுதான். அதற்கு உத்தரவாதம் 2 ஆண்டு. அது முடியும்வரை காத்திருந்துதான் நின்றது.

அத்தை வீட்டில் ஒரு செமி ஆட்டோமேட்டிக் இருக்கிறது. அதற்கு எந்த அறிவும் கிடையாது. எடை பார்க்கத் தெரியாது, திரையில்லை, அழுத்தம் என்றால் என்னவென்றே தெரியாது. வாளியில் மொண்டு ஊற்றினால் ஏற்றுக்கொள்கிறது. ஹீட்டர் இல்லாததால் உப்புப் பிடிக்கவும் அங்கே இடமில்லை. பாதியில் மூடியைத் திறந்து மறந்த சட்டையைப் போட்டாலும் ரோஷப்படாது. வெள்ளைத் துணி துவைத்த சோப்புத் தண்ணீரிலேயே அத்தை கால்மிதியைப் போடுகிறார். பிறகு அந்தத் தண்ணீரை வாளியில் பிடித்து வாசலைக் கழுவி விடுகிறார்.