கசியாத ரகசியம்

கேள்வி: காயத்தில் தூவினால் இரத்தம் நிற்குமாமே, சீனாவின் 'யுன்னான் பையாவ்' பொடி! அப்படி என்னதான் சார் இருக்கிறது அதில்?

பதில்: அதைச் சொன்னால் சீன அரசு கோபித்துக்கொள்ளும்! சூ ஹுவான்சாங் என்ற வைத்தியர் 1902-ல் உருவாக்கியது. செய்முறை இன்றும் அரசாங்க ரகசியம். இரத்தமும் கசியக் கூடாது, விஷயமும் கசியக் கூடாது! ஜின்செங்குக்குப் பங்காளியான சான்ச்சி வேர் அதில் உண்டு என்பது மட்டும் ஊரறிந்த சேதி. யுன்னானின் வென்ஷான் பக்கம் விளைகிற அந்த வேரைத் தோண்ட மூன்று வருஷமாவது பொறுக்க வேண்டும். (இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள், டாக்டரைக் கேட்காமல் இந்தப் பொடியைத் தொடாதீர்கள்.) ஒரு காலத்தில் சிப்பாய்கள் பையில் போர்க்களம் போன மருந்து, இப்போது பற்பசையாகவும் சீனாவில் சக்கைப்போடு போடுகிறது. யுத்தம் ஈறுகளோடு!