மீட்பு முந்தி, சட்டம் பிந்தி

கே: பத்துக் கட்டளைகள் எதில் தொடங்குகின்றன?
ப: ‘வேறு தெய்வம் கூடாது’ என்பதில் என்றால் பாதி மார்க்குதான். யாத்திராகமம் 20-இல் அதற்கும் முன்னால், எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து மீட்டவர் நானே என்று கர்த்தர் தம்மை அறிமுகப்படுத்திக்கொள்கிறார். யூதர்கள் எண்ணிக்கையில் அதுதான் நம்பர் ஒன்! செங்கடல் பிளந்தது 14-ஆம் அதிகாரம், சட்டம் 20-இல். முதலில் விலங்கை உடைத்தார். பிறகுதான் விதி சொன்னார்.

கே: சங்கீதம் 136-இல் ஒரே பல்லவி திரும்பத் திரும்ப வருகிறதே?
ப: 26 வசனம், 26 தடவை ‘கிருபை’. மறதி பாடியவருக்கு இல்லை சார், நமக்கு.

கே: எப்படியும் அன்பு காட்டுவார் என்றால் நான் ஏன் யோக்கியனாக இருக்கணும்?
ப: ரோமர் 6-லேயே பவுல் இதை எழுப்பி, எழுந்த இடத்திலேயே அடித்து உட்கார வைத்துவிட்டார். 1937-இல் போன்ஹோஃபர் இந்த நினைப்புக்கு ‘மலிவான கிருபை’ என்று பெயர் சூட்டினார். ஹிட்லரை எதிர்த்த அந்த ஜெர்மன் போதகர் தூக்கிலிடப்பட்டது 1945 ஏப்ரல் 9. கிருபை இலவசம்தான், மலிவு என்று யார் சொன்னது?

கே: நாலு மிரட்டு மிரட்டினால்தானே ஜனங்கள் திருந்தும்?
ப: போலீஸ்காரர் டீ குடிக்கப் போகும்வரை சிக்னலில் நிற்கும், அவ்வளவுதான். எரிகோவின் சகேயுவைப் பாருங்கள். ஆயக்காரருக்குத் தலைவர், ஊரே கரித்துக்கொட்டிய ஆள். இயேசு அதட்டவில்லை, ‘இன்று உன் வீட்டில்தான் தங்கல்’ என்றார். சொத்தில் பாதி ஏழைகளுக்கு, ஏமாற்றியதற்கு 4 மடங்கு! எந்த ரெய்டில் இவ்வளவு வந்திருக்கிறது?

கே: ஓசியா தீர்க்கதரிசி மனைவியை விலைக்கு வாங்கினாராமே?
ப: துரோகம் செய்துவிட்டுப் போனவளை மீட்டார். 15 வெள்ளிக்காசும் ஒன்றரைக் கலம் வாற்கோதுமையும் கொடுத்தார். கையில் காசு போதாமல் தானியத்தையும் அளந்து போட்டாரோ என்று படிக்கும்போதெல்லாம் நெஞ்சு அடைக்கிறது. ‘இனி வேறொருவனிடம் போகாதே’ என்று கேட்டது எப்போது? விலையைக் கொடுத்து முடித்த பிறகு. இஸ்ரவேலைத் தாம் நேசிப்பது இப்படித்தான் என்று காட்டவே கடவுள் அவரை அனுப்பினார்.

கே: இதையெல்லாம் ஒழுங்காகச் சொல்லித்தரும் புத்தகம்?
ப: நம்ம கட்சிதான், கேள்வி-பதில்! 1563-இல் ஜெர்மனியில் வெளிவந்த ஹைடல்பர்க் வினாவிடை, 129 கேள்விகள். எழுதியதில் பெரும்பங்கு உர்சினுஸுக்கு, வயது 28. மனிதனின் அவலம், மீட்பு, நன்றி என மூன்று பாகம். பத்துக் கட்டளைகளை ‘அவலம்’ பாகத்தில் தேடாதீர்கள். ‘நன்றி’யில் இருக்கின்றன.

கே: அன்பைக் கண்டவன் மறுநாளே மாறிவிடுவானா?
ப: ஜான் நியூட்டன் 1748-இல் புயலில் சிக்கிக் கடவுளைக் கூப்பிட்டவர். அதற்குப் பிறகும் 1754 வரை அடிமை வியாபாரக் கப்பலில் போனார். அந்த வியாபாரத்தைக் கண்டித்துப் பிரசுரம் எழுதியது 1788-இல். 40 வருடம்! கிருபை தாமதிக்கவில்லை, நியூட்டன் தாமதித்தார். அந்தத் தாமதத்துக்கு விலை கொடுத்தவர்கள் கப்பலின் அடித்தளத்தில் கிடந்தார்கள்.

கே: மூன்று தடவை மறுதலித்த பேதுருவுக்கு இயேசு கொடுத்த தண்டனை?
ப: காலைச் சாப்பாடு. கடற்கரை, கரிநெருப்பு, மீன், அப்பம். சாப்பிட்டு முடித்த பிறகு ஒரே கேள்வி, மூன்று தடவை: ‘என்மேல் அன்பாயிருக்கிறாயா?’ ஆமென்றதும் கையோடு வேலை நியமனம், ஆடு மேய்க்க!