கிறுக்குக்கு ஒரு டிக்கெட்

ஊருக்கு ஒரு கிறுக்கன் இருந்தால் ஊர் அவனைத் தாங்கும். தெருவுக்கு நாலு பேர் என்று ஆகிவிட்டால் டீக்கடையில் உட்கார்ந்து கவலைப்படப் பெரியவர்களுக்கு ஒரு விஷயம் கிடைத்துவிடும். 1980-களின் நடுவில் கருவேப்பிலங்குறிச்சிப் பெரியவர்களுக்கு அப்படி வாய்த்தவர்கள் நாங்கள். கண்ணாடி போட்டவன் சோடாபுட்டி. போடாமலே புத்தகமும் கையுமாகத் திரிகிறவன் புத்தகப் பூச்சி. அந்தப் புத்தகம் பாடப் புத்தகம் இல்லை என்று தெரிந்த மறு நிமிஷம் அவன் உருப்படாதவன். மூன்று பட்டங்களையும் ஒரே முழுப்பரீட்சை லீவில் வாங்கியவன் நான். உங்கள் தெருவிலும் ஒருவன் இருந்திருப்பான். அது நீங்களேயாகக்கூட இருக்கலாம். இப்போது சொல்லிக்கொள்வதில் வெட்கமொன்றும் இல்லை. அன்றைய சோடாபுட்டிகள்தான் இன்று கம்ப்யூட்டர் கம்பெனிகளில் பெரிய நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று அதே டீக்கடை பேசிக்கொள்கிறது.

எங்கள் கிறுக்கு சிவகாசியிலிருந்து வந்தது. முத்து காமிக்ஸ் தன் முதல் இதழாக ‘இரும்புக்கை மாயாவி’யை வெளியிட்டது 1972-ல், அது எங்கள் கைக்கு வந்துசேர்ந்தபோது அட்டை போயிருந்தது, நடுப்பக்கத்தில் பஜ்ஜி எண்ணெய் ஊறியிருந்தது, கடைசிப் பக்கத்தை யாரோ எதற்கோ கிழித்திருந்தார்கள். அதனால் வில்லன் பிடிபட்டானா தப்பினானா என்பது வருஷக்கணக்கில் எங்களுக்குள் வழக்காக நடந்தது. 1984-ல் லயன் காமிக்ஸும் ராணி காமிக்ஸும் ஒரே ஆண்டில் வந்து, ஸ்பைடரும் சட்டித்தலையன் ஆர்ச்சியும் ஜேம்ஸ் பாண்டும் விருத்தாசலம் பஸ் ஸ்டாண்டுக் கடையில் கிளிப் மாட்டித் தொங்க ஆரம்பித்த பிறகும், மாயாவிக்கு இருந்த மரியாதை வேறு யாருக்கும் வரவில்லை. ஒரு கை இரும்பு. உயர் அழுத்த மின்சாரம் உடம்பில் பாய்ந்தால் ஆள் மறைந்துபோவார். இரும்புக்கை மட்டும் அந்தரத்தில் மிதக்கும். இங்கிலாந்தில் ‘வேலியன்ட்’ என்ற வாரப் பத்திரிகையில் 1962-ல் தொடங்கிய கதை அது. ஹெசூஸ் பிளாஸ்கோ என்ற ஸ்பெயின்காரர் வரைந்த அந்தக் கை, வெள்ளாற்றங்கரையில் சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாள் சுற்றிய என் வலது கையாக மறுபிறவி எடுக்கும் என்று அவரிடம் யாராவது சொல்லியிருந்தால் என்ன நினைத்திருப்பாரோ.

இந்த இடத்தில் எங்கள் தாலுகாவுக்கு இருந்த ஒரு வசதியைச் சொல்லியாக வேண்டும். மற்ற ஊர்ப் பையன்கள் மாயாவி விளையாட்டுக்கு மின்சாரத்தைக் கற்பனைதான் செய்துகொள்ள வேண்டும். எங்களுக்கு வடகிழக்கே நெய்வேலியில் நிஜ மின்சாரமே தயாராகிக்கொண்டிருந்தது. விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையிலோ ஃபியூஸ் கட்டை, இன்சுலேட்டர், கொலு பொம்மை, ஊறுகாய் ஜாடி எல்லாம் சூளைகளில் வெந்துகொண்டிருந்தன. வெந்ததெல்லாம் விலைக்குப் போய்விடாது. கோணியது, விரிசல் விட்டது, மூளியானது என்று கழிந்தவை ஷெட்டுகளுக்குப் பின்னால் குவிந்து கிடக்கும். அந்தக் குவியல்தான் எங்கள் ஆயுதசாலை. மூளிப்பட்ட ஃபியூஸ் கட்டையை உள்ளங்கையில் வைத்து இறுக்கிப் பிடித்தால் பதினோராயிரம் வோல்ட் என்று சட்டம். வெள்ளை இன்சுலேட்டர் வெடிகுண்டு. காது உடைந்த கொலு கிருஷ்ணன் ஒருவர் கொஞ்ச நாள் வேற்றுக்கிரகத் தலைவராக இருந்தார். ஆயா பார்த்துவிட்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டு, பிடுங்கிக்கொண்டு போய் மாடத்தில் வைத்துவிட்டாள். அன்றோடு படையெடுப்பு நின்றது.

கடைத்தெருவுக்குப் பின்னாலிருந்த வேப்பமரம் டிரான்ஸ்ஃபார்மர். அதைத் தொட்டவன் ஐம்பது எண்ணும்வரை கண்ணுக்குத் தெரியமாட்டான். ஆட்டத்தின் உயிர் இந்த விதியில்தான் இருந்தது. தெரியாமல் போனவனை மற்றவர்கள் பார்க்கக் கூடாது, பார்த்தாலும் பார்க்காத மாதிரி இருக்க வேண்டும், அவன் வந்து உன் சட்டைப் பையிலிருந்து ரகசியப் படத்தை உருவிக்கொண்டு போனாலும் “யாருடா அது, காத்தா?” என்று திகைக்க வேண்டும். சின்ன வயதில் இதைவிடக் கடினமான நடிப்பை எந்த வாத்தியாரும் எங்களுக்குக் கற்றுத்தரவில்லை. சாலையில் போகிற பெரியவர்களுக்கு இந்த விதி தெரியாததால், “ஏண்டா வெள்ளித்தாளைச் சுத்திக்கிட்டு முழிச்சிக்கிட்டு நிக்கிற?” என்று கேட்டுவிடுவார்கள். பதில் சொன்னால் ஆட்டம் கெட்டது, சொல்லாவிட்டால் திமிர் பிடித்தவன்.

ஊரில் ஒரே ஒரு பெரிய மனிதர் எங்களை மதித்தார். பகலில் கரும்பு வெட்டப் போகிறவர். கூத்துக் காலத்தில் கட்டியங்காரன் வேஷம் கட்டுகிறவர். சைக்கிளில் போகும்போது என் வெள்ளித்தாள் கையைப் பார்த்தால் பிரேக் பிடிப்பார். சுற்றும் முற்றும் தேடுவார். “ஐயையோ, கை மட்டும் தனியா வருதே! ஆளைக் காணலியே, சாமி!” என்று அலறிவிட்டு, சைக்கிளைக் கீழே போடாத குறையாக ஓடுவார். அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்காது, அவ்வளவு பெருமை.

அவருக்கு அந்த விதி புரிந்ததில் வியப்பில்லை. பழைய தென்னாற்காடு மாவட்டமே, 1993-ல் அதை இரண்டாகப் பிரிப்பதற்கு முன்னும் சரி பின்னும் சரி, வருஷத்தில் சில நாள் ஊர் ஊராக இந்த விதியில்தான் வாழ்ந்தது. திரௌபதியம்மன் கோயிலில் கொடியேறிவிட்டால் பகலில் பாரதப் பிரசங்கம், ராத்திரி விடிய விடியக் கூத்து. கூத்தைக் கொட்டகையில் பார்க்கிற நாடகம் என்று நினைத்துவிடாதீர்கள். ஊரே ஆடுகளம். பீமன் வண்டியில் ஏறி, பகாசுரனுக்குச் சோறு கொண்டுபோகிறேன் என்று தெருத்தெருவாக வருவான். வீட்டுக்கு வீடு சோறும் பலகாரமும் கொண்டுவந்து போடுவார்கள். பாதியைப் பீமன் வழியிலேயே தின்றுவிடுவான், கதையிலும் அப்படித்தானே. அர்ச்சுனன் தபசன்று உயரமான மரத்தை நட்டு, வேஷக்காரர் பாடிக்கொண்டே படிப்படியாக ஏறி, உச்சியிலிருந்து எலுமிச்சம்பழமும் பூவும் வில்வமும் எறிவார். பிள்ளை வரம் வேண்டிய பெண்கள் ஈரச்சேலையோடு கீழே மடியேந்திக் காத்திருப்பார்கள். மேலே இருப்பது அர்ச்சுனனா, போன வாரம் உரக்கடையில் கடன் சொன்னவரா என்று யாரும் கேட்கமாட்டார்கள். கேட்பவன் ஊரில் இருக்க முடியாது.

உச்சம் படுகளம். கோயிலுக்கு எதிரே திடலில் மண்ணால் துரியோதனன் மல்லாந்து கிடப்பான், ஒரு வீடு நீளத்துக்கு. அவன் மேலும் அவனைச் சுற்றியும் பீமனும் துரியோதனனும் ஓடி ஓடி அடித்துக்கொள்வார்கள். துரியோதன வேஷக்காரருக்கு ஆவேசம் வந்துவிட்டால் நாலு பேர் பிடித்து நிறுத்த வேண்டும். தொடையைப் பிளந்ததும் உள்ளே வைத்த குங்குமத் தண்ணீர் பீறிடும், திரௌபதி கூந்தலை முடிவாள், சாயங்காலம் தீமிதி. வேஷங்களைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். கட்டை வேஷம் என்றால் கல்யாண முருங்கை மரத்தைச் செதுக்கி, கண்ணாடிச் சில்லு பதித்த கிரீடம், புஜக்கட்டை, மார்புப் பதக்கம். துரியோதனனுக்குச் சிவப்பு முகம், கிருஷ்ணனுக்குப் பச்சை. திரைக்குப் பின்னாலிருந்து சலங்கைச் சத்தம் மட்டும் கேட்கும். திரைக்கு மேல் கிரீடத்தின் நுனி ஆடும். முகத்தைக் காட்ட வேஷக்காரர் எடுத்துக்கொள்ளும் நேரத்தில் நாங்கள் ஒரு தூக்கம் தூங்கி எழுந்துவிடலாம். 1988-ல் தூர்தர்ஷனில் சோப்ராவின் மகாபாரதம் ஆரம்பித்தபோது பஞ்சாயத்து டிவி முன்னால் உட்கார்ந்திருந்த ஆயா, கிருஷ்ணன் வந்ததும் கும்பிட எடுத்த கையை இறக்கிக்கொண்டாள். “பச்சை பூசலியே, இவன் எங்க கிருஷ்ணன்?”

இத்தனையும் ஆடிய ஊர்தான் எங்களைக் கிறுக்கு என்றது என்பதை இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. ஊர் சேர்ந்து செய்தால் திருவிழா, நாலு பையன்கள் செய்தால் கிறுக்கு, கணக்கு அவ்வளவுதான்.

நாங்கள் வேப்பமரத்தைத் தொடுவதற்குச் சில வருஷம் முன்பிருந்தே உலகத்தின் வேறு மூலைகளிலும் சோடாபுட்டிகள் சும்மா இருக்கவில்லை என்பது எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் தெரிந்தது. அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இருவர் 1974-ல் ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்ற ஆட்டத்தைக் கொண்டுவந்தார்கள்; மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, பகடை உருட்டி, வாயாலேயே மந்திரவாதியாகவும் வீரனாகவும் வாழ்வது. கொஞ்ச நாளில் உட்கார்ந்து உட்கார்ந்து கால் மரத்துப்போனவர்கள் எழுந்து காட்டுக்குப் போனார்கள். 1977-ல் வாஷிங்டன் பக்கம் டாகோர்ஹிர் என்ற கூட்டம் பஞ்சு சுற்றிய வாள்களோடு போர் நடத்த ஆரம்பித்தது. 1982-ல் இங்கிலாந்தின் பெக்ஃபோர்ட்டன் கோட்டையிலேயே ‘டிரஷர் டிராப்’ என்று புதையல் வேட்டை. இதற்கெல்லாம் பொதுப்பெயர் லார்ப். பிளாஸ்டிக் குழாயில் ஸ்பாஞ்சைச் சுற்றி டேப் ஒட்டினால் வாள், துணியில் விதையைக் கட்டி எறிந்து “மின்னல்!” என்று கத்தினால் மின்னல். அங்கேயும் கேலிக்குப் பஞ்சமில்லை. தடித்த கண்ணாடி, அம்மா வீட்டு அடித்தள அறை, பெண்ணோடு பேசத் தெரியாதவன் என்று அவர்கள் சினிமாக்களில் சோடாபுட்டிக்கென்றே ஓர் அச்சு வைத்திருந்தார்கள். ஜெர்மனியில் புரோகலோ என்ற சிற்றூரில் கோடையில் ஆயிரக்கணக்கானவர்கள் கூடாரம் போட்டு நாட்கணக்கில் பூதமும் அரசனுமாக வாழ்கிறார்கள். சில ஆட்டங்களில் ஒருவர் நெஞ்சின் குறுக்கே கைகளைக் கட்டிக்கொண்டு நடந்தால் அவர் அந்த இடத்தில் இல்லை என்று பொருளாம். மற்றவர்கள் பார்த்தும் பார்க்காமல் இருக்க வேண்டுமாம். படித்தபோது வேப்பமரத்துக்கு ராயல்டி கேட்கலாமா என்று தோன்றியது.

நம் பக்கம் இந்தக் காற்று டிக்கெட்டோடு வந்தது. 2011-ல் டெல்லியில் தொடங்கிய ‘காமிக் கான்’ என்ற காமிக்ஸ் திருவிழா, 2024 பிப்ரவரியில்தான் முதன்முறையாகச் சென்னைக்கு வந்தது, நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தில். அக்கா மகள் கூப்பிட்டாள்: “மாமா, நீங்கதான் காமிக்ஸ் காமிக்ஸ்னு சொல்லிக்கிட்டே இருப்பீங்களே, வாங்க.” அவளுக்கு டான்ஜிரோ என்ற ஜப்பானியப் பையனின் வேஷம், பேய்களை வெட்டுகிறவன். பச்சையும் கறுப்புமாகக் கட்டம் போட்ட அங்கி ஆன்லைனில் வந்திருந்தது. அக்கா அதைக் கைலித் துணி என்று நினைத்து அலமாரியில் தன் வீட்டுக்காரர் பக்கம் மடித்து வைத்துவிட்டதால் புறப்படும்போது அரை மணி நேரம் வீடு அமளிப்பட்டது. வாசலில் வரிசை, மணிக்கட்டுக்குப் பட்டை, அப்புறம் வாளுக்குத் தனிச் சோதனை. ஸ்பாஞ்ச் வாளை ஒருவர் வாங்கி, வளைத்து, நுனியைத் தடவி, திருப்பிக் கொடுத்தார். விரிசல் விட்ட இன்சுலேட்டரை ஒருவர் மண்டையில் ஒருவர் எறிந்து வளர்ந்தவனுக்கு அந்தக் காட்சி மனதை என்னவோ செய்தது.

உள்ளே போனால் நூற்றுக்கணக்கில் வேஷங்கள். எங்கள் ஊர்க் கூத்து ஜமா பார்த்தால் பொறாமைப்படும் வேலைப்பாடு. அட்டையிலும் ஸ்பாஞ்சிலும் கவசம், கண்ணுக்கு நீல வில்லை, விளக்கெரியும் மார்பு. பாதிக்குப் பாதி பெண்கள். இதில் நான் குறை சொல்ல மாட்டேன். எங்கள் கூத்தில் திரௌபதியே மீசை மழித்த ஆண்பிள்ளைதான். எங்கள் வேப்பமரத்தடியிலும் பெண்பிள்ளைகளைச் சேர்த்ததில்லை. என் அக்கா மாயாவியாக ஆசைப்பட்டபோது, மாயாவிக்குச் சடை கிடையாது என்று சட்டம் பேசியவன் நான். அவள் மகள் பேயை வெட்டும் பையனாக நின்றபோது அக்கா வாட்ஸப்பில் படத்தைப் பார்த்துவிட்டு, “கேட்டியா, சடை இருக்கு” என்று மட்டும் அனுப்பினாள்.

ஆனால் ஒன்று. நாள் முழுக்க அந்தப் பிள்ளைகள் நின்றார்கள். யாராவது வந்து படம் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டதும் வாளை உருவி முறைப்பார்கள், கிளிக் ஆனதும் முறைப்பை இறக்கிவிட்டு நன்றி சொல்வார்கள். ஒரு பேயையாவது யாராவது துரத்துவார்கள் என்று காத்திருந்தேன். எங்களிடம் ஆட்டம் இருந்தது, வேஷத்துக்கு வெள்ளித்தாள்தான். இங்கே வேஷம் அள்ளிக் கொட்டிக் கிடந்தது. சாப்பாட்டுக் கடை வரிசையில் பூதத் தலையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்ற பையனிடம் தாங்க முடியாமல், “ஐயோ, ஆளைக் காணோமே, தலை மட்டும் வருதே!” என்றேன். அவன் மரியாதையாக, “அங்கிள், இந்த வரிசை இங்கதான் முடியுது” என்று வழி காட்டினான்.

திரும்பும்போது அக்கா மகளிடம் படுகளத்தைப் பற்றிச் சொன்னேன். துரியோதனன் மேலேயே ஏறி ஓடலாமா, டிக்கெட் எவ்வளவு, வேஷம் நாமே கொண்டுபோகலாமா என்று அடுக்கினாள். வேஷமில்லாமலே சேர்ந்துகொள்ளலாம், விராட பருவத்தில் மாடுபிடி சண்டைக்குச் சில ஊர்களில் நிஜ மாடுகளையே ஓட்டுவார்கள் என்றேன். அவ்வளவுதான், சிநேகிதிகள் ஏழெட்டுப் பேரைச் சேர்த்து ஒரு குழுவே தொடங்கிவிட்டாள். விழாக் குழுவில் இருக்கும் சித்தப்பாவுக்குப் போன் போட்டேன். பேய் வெட்டும் உடுப்பில் பெண்பிள்ளைகள் வருவதில் அவருக்கு ஆட்சேபணை எதுவும் இல்லை. “வரட்டும்டா, ஆளு கம்மியாத்தான் இருக்கு” என்றார். பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டு, “புள்ளைங்க வந்துரும், மாட்டுக்குத்தான் எங்க போறது? தெருவுல இப்ப எல்லாம் டிராக்டரு” என்றார்.