நகராக் கலம்: மரக்கப்பல் கிட் குறித்த ஓர் ஆய்வுரை

உலகில் விற்கப்படும் பொருள்கள் மூவகைப்படும்: வாங்கிப் பயன்படுத்துவன, வாங்கி மறப்பன, வாங்கிக் கட்டிக்கொள்வன. மூன்றாம் வகைக்குத் தலையாய சான்று மரக்கப்பல் கிட். நீண்ட அட்டைப்பெட்டி ஒன்று. உள்ளே லேசரில் வெட்டிய பிளைவுட் தகடுகள், கட்டுக் கட்டாக மெல்லிய ரீப்பர்கள், ஒரு பொட்டலம் பித்தளை ஆணிகள், நூல்கண்டுகள், உலோகத்தில் வார்த்த சிங்கங்கள், பீரங்கிகள், விரித்தால் மடிக்க வராத வரைபடங்கள். பெட்டியின் மேல் கட்டி முடித்த கப்பலின் வண்ணப்படம். உள்ளே இருப்பதற்கும் மேலே இருப்பதற்கும் உள்ள உறவு யாது என்பதே ஆய்வுச் சிக்கல்.

சைவ சித்தாந்திகளுக்கு இதில் குழப்பமே இல்லை. காரியம் காரணத்தில் முன்பே உள்ளது என்னும் சற்காரியவாதப்படி, கப்பல் பெட்டிக்குள் ஏற்கெனவே இருக்கிறது, வெளிப்படவில்லை, அவ்வளவுதான். கிட் வாங்கிய பலர் இக்கொள்கையில் உறுதியாக நின்று பெட்டியைப் பரண்மேல் வைத்துவிட்டதும் அறியத்தக்கது.

முன்னோர் இப்பொருள் பற்றி நூல்கள் பல செய்துள்ளனர். ஆயின் அவை எப்படிக் கட்டுவது என்பதோடு நின்றுவிட்டன. ஏன் கட்டவேண்டும் என்று வினவியவர் கட்டுபவரின் வீட்டார் மட்டுமே. அவர்தம் வினாக்கள் ஏட்டில் ஏறவில்லை. இந்த இடைவெளியை நிரப்புவது இவ்வாய்வின் நோக்கம். ஆய்வெல்லை கருதி வாசா என்னும் சுவீடன் போர்க்கப்பல் ஒன்றே இங்கு எடுத்துக்கொள்ளப்படுகிறது. விக்டரி, பவுண்ட்டி, கட்டி சார்க் முதலியன எல்லைக்கு வெளியே மிதக்கின்றன.

வாசாவின் வரலாறு சுருக்கமானது. கப்பலே சுருக்கமாகத்தான் ஓடியது. மன்னர் இரண்டாம் குஸ்டாவ் அடால்ப் பணித்தபடி ஸ்டாக்ஹோமில் 1626இல் கட்டுமானம் தொடங்கியது. 64 பீரங்கிகள், நூற்றுக்கணக்கான மரச்சிற்பங்கள், ஏராவிலிருந்து பெரிய பாய்மரத்தின் உச்சி வரை 52 மீட்டருக்கு மேல் உயரம். (ஏரா என்பது கப்பலின் அடியில் ஓடும் முதுகெலும்பு, நம் கடற்கரை ஆசாரிகளின் சொல்.) 1628 ஆகஸ்ட் 10 அன்று முதற்பயணம். ஏறக்குறைய 1,300 மீட்டர் சென்றதும் வீசிய காற்றில் கப்பல் சாய்ந்தது. திறந்திருந்த பீரங்கிச் சாளரங்கள் வழியே நீர் புகுந்தது. கரையில் ஊரே நின்று பார்த்துக்கொண்டிருக்க மூழ்கியது. முப்பது பேர் அளவில் இறந்தனர். 333 ஆண்டுகள் 32 மீட்டர் ஆழத்தில் கிடந்த கப்பலை 1961 ஏப்ரல் 24 அன்று வெளியே கொண்டுவந்தார்கள். இன்று அதற்கென்றே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது.

இனி நம் கருதுகோள்: வாசா கப்பலே அன்று. அது 1:1 அளவில் செய்யப்பட்ட மாதிரிக் கப்பல்.

கடலில் ஓடியதன்றோ என்பார்க்கு, ஓடியது 1,300 மீட்டர் என்க. இதை அளவுச் சுருக்கம் செய்து பார்ப்போம். டென்மார்க்கின் பில்லிங் போட்ஸ், இத்தாலியின் கோரெல் ஆகிய இரண்டு நிறுவனங்களின் வாசா கிட்டும் 1:75 அளவில் அமைந்தவை. 1,300ஐ 75ஆல் வகுத்தால் 17 மீட்டர் சொச்சம். அடுக்ககத்தில் இருப்பவர் தம் மாதிரியை வேலை செய்த அறையிலிருந்து கூடத்துக்கும், விருந்தினர் வரும்போது கூடத்திலிருந்து மறுபடி அறைக்கும் தூக்கிச் சென்றால், மூலக்கப்பலின் மொத்தக் கடல் வாழ்க்கையும் கடந்தாயிற்று. மாதிரிக்கும் மூலத்துக்கும் இவ்வளவு நெருக்கம் வேறு எந்தக் கலத்திலும் காண்பதற்கில்லை.

அளவுச் சுருக்கத்தின் வேறு விளைவுகளும் ஆராயத்தக்கன. மூலத்தின் எடை ஏறக்குறைய 1,200 டன். 75ஐ மும்முறை பெருக்கிய எண்ணால் வகுத்தால் மூன்று கிலோவுக்குச் சற்றுக் குறைவு. மாலுமி இரண்டேகால் சென்டிமீட்டர். சிந்திய பசை ஒரு மில்லிமீட்டர் தடிப்பு இருந்தால், மாலுமியின் கணுக்கால் அளவுக்குக் குவிந்த பசை. மேல்தளத்தில் நடந்துபோகும் மூன்று மில்லிமீட்டர் எறும்பு 22 சென்டிமீட்டர் நீளப் பெருச்சாளி. போர்க்கப்பலில் எலி இருந்தது வரலாற்று உண்மையாகலின் அதை ஓட்டவேண்டியதில்லை. பல்லி வந்தால் மட்டும் ஆய்வு தடுமாறும். ஏழு மீட்டர் நீளத்துக்கு பால்டிக் கடலில் எதுவும் சுவரேறியதாகக் குறிப்பில்லை.

அடுத்தது காலம். இங்குதான் அறிஞர் பலர் வழுக்கி விழுந்தனர். வாசாவை 400 பேர் அளவில் இரண்டு ஆண்டுகள் கட்டினர் என்று கொள்வோம். அதாவது 800 ஆள்-ஆண்டுகள். மாதிரியை ஒருவர் தனியாகக் கட்டினால் எவ்வளவு காலம் ஆகும்? கன அளவால் வகுத்தால், இரவு பகல் எல்லாம் சேர்த்து 17 மணி நேரம். பரப்பளவால் வகுத்தால் 52 நாள். நீளத்தால் வகுத்தால் பத்தாண்டு எட்டு மாதம். முதல் கணக்கை நம்பிக் கிட் வாங்குகிறார்கள், இரண்டாவதை வீட்டில் சொல்கிறார்கள், நடப்பது மூன்றாவது. இம்மூன்றும் ஒரே பெட்டியின் வேறு வேறு பருவங்கள் என்று கொள்வதே பொருத்தம்.

கட்டுமான முறைக்கு வருவோம். பிளைவுட்டில் வெட்டிய ஏராவின் மேல் வங்குகளை, அதாவது விலாச் சட்டங்களை, வரிசையாகச் செருகி ஒட்டவேண்டும். இந்தக் கட்டம் வரை எல்லாரும் கப்பல் கட்டுவோரே. அதன்பின் ரீப்பர்களைக் கொண்டு உடலை மூடும் வேலை தொடங்கும், கூட்டம் கலையும். கப்பலின் நடுவயிறு பெருத்தது, அணியம், அதாவது முன்முனை, ஒடுங்கியது. நடுவில் எத்தனை பட்டைகள் ஓடுகின்றனவோ அத்தனையும் முனையில் அடங்கவேண்டுமானால் ஒவ்வொன்றையும் முனைநோக்கி இழைத்து ஒடுக்கவேண்டும். வயிற்றின் சுற்றளவை அளந்து, அணியத்தின் அளவை அளந்து, பட்டையின் எண்ணிக்கையால் வகுத்து, உப்புத்தாளால் தேய்த்து, நீரில் ஊறவைத்து, சூடுகாட்டி வளைத்து, துணிகிளிப்பால் கவ்வி, காயும்வரை காத்திருந்து, பிறகு மறுபக்கத்தில் அதேபோல் ஒன்று. சூடு பட்டால் மரத்திலுள்ள லிக்னின் இளகும், ஆறினால் வளைந்த நிலையிலேயே இறுகும் என்பது வேதியியல். அதற்குள் பட்டை ஒடியும் என்பது அனுபவம்.

இதில் மெய்யியல் சிறப்புடைய செய்தி ஒன்று உண்டு. பல கிட்டுகளில் உடலுக்கு இரண்டு அடுக்குப் பலகை. முதல் அடுக்கு மலிவான மென்மரம். அதன்மேல் வால்நட் போன்ற நல்ல மரத்தின் மெல்லிய சீவல். அதாவது மேற்சொன்ன தவம் முழுவதையும் செய்து முடித்தபின், அதை யாரும் பார்க்கமுடியாதபடி மூடிவிட்டு, மறுபடி முதலிலிருந்து தொடங்கவேண்டும். பலன் கருதாமல் கடமையைச் செய் என்று உபதேசிப்பவர்கள் பலர். அதைத் தனிப் பையில் போட்டு, பாக எண்ணும் ஒட்டி விற்பவர்கள் கிட் செய்வோர் மட்டுமே.

பசை இருவகைத்து: பெவிகால், பெவிக்விக். முன்னது மெதுவாகக் காயும். தவறாக ஒட்டியதைத் திருத்த நேரம் தரும். பின்னது சயனோஅக்ரிலேட் வகை; ஈரம் பட்டால் நொடியில் இறுகுவது அதன் இயல்பு. நன்கு உலர்ந்த மரத்தைவிட வியர்த்த விரலில் ஈரம் மிகுதி. ஆகவே அது முதற்கண் விரலையும் விரலையும் ஒட்டும், அடுத்து விரலையும் கப்பலையும், மனம் இருந்தால் மரத்தையும் மரத்தையும். நகச்சாய நீக்கியில் உள்ள அசிட்டோன் இதைக் கரைக்கும். கப்பல் கட்டும் மேசையில் நகச்சாயப் பொருள் இருப்பதைக் கண்டு ஐயுற வேண்டாம்.

வழிகாட்டிப் புத்தகம் தனி ஆய்வேட்டுக்கு உரியது. முதல் பகுதி விரிவாகப் பேசும். பாய்மரக் கயிறுகளுக்கு வரும்போது வரைபடத்தைக் காண்க என்று ஒதுங்கும். வரைபடத்தைக் கண்டால், நூற்றுக்கணக்கான முடிச்சுகள் கொண்ட கயிற்றேணிகள் தலைமயிர்க் கோடுகளாக நிற்கும். நச்சினார்க்கினியர் எங்கோ கிடக்கும் சொல்லை எங்கோ கிடக்கும் சொல்லோடு கொண்டுகூட்டிப் பொருள் காண்பார் என்று குறை சொல்வோர் உளர். ஆறாம் பக்கத்து எண்ணை மூன்றாம் வரைபடத்தோடும், அதை உதிரிப்பாகப் பட்டியலோடும் சேர்த்துப் படிக்காமல் கிட்டில் ஒரு பருமலைக்கூட, அதாவது பாய் கட்டும் குறுக்குமரத்தைக்கூட, பாய்மரத்தில் ஏற்றமுடியாது. கப்பல் கட்டத் தொடங்கிய பிறகே உரையாசிரியரின் அருமை விளங்கும்.

இனி, மாதிரியின் இரு பக்கமும் ஒத்திரா என்னும் நெடுநாள் குற்றச்சாட்டு. இடப்பக்கம் உப்பியும் வலப்பக்கம் ஒட்டியும் இருக்கிறதே என்று விருந்தினர் கேட்பர். விடை வாசாவின் உடலிலேயே உள்ளது. மீட்டெடுத்த கப்பலை அளந்தபோது மூலத்திலும் இரு பக்கமும் ஒத்திருக்கவில்லை. இடப்பக்கத்தில் மரம் கூடுதல். உள்ளே தச்சர்களின் அடிக்கோல்கள் நான்கு கிடைத்தன. இரண்டு 12 அங்குலம் கொண்ட சுவீடன் அடி, இரண்டு 11 அங்குலம் கொண்ட ஆம்ஸ்டர்டாம் அடி. ஒரே கப்பலில் வேலை செய்தவர்கள் வேறு வேறு அடியால் அளந்திருக்கிறார்கள். கோணலாகக் கட்டியவர் மூலத்துக்கு உண்மையாக நின்றவர்; நேராகக் கட்டியவரே ஆதாரம் காட்டவேண்டியவர்.

உதிரிப்பாகம் குறைகிறது என்போருக்கும் இங்கு ஆறுதல் உண்டு. 1660களில் மணி வடிவ முக்குளிப்புக் கூண்டின் உதவியால் ஐம்பதுக்கு மேற்பட்ட பீரங்கிகளை எடுத்துக்கொண்டு போனார்கள். 1961இல் கப்பல் மேலே வந்தபோது மிஞ்சியிருந்தவை மூன்று. பெட்டியில் இரண்டு பீரங்கி குறைந்ததற்கு நிறுவனத்துக்குக் கடிதம் எழுதும் அன்பர்கள் இதை எண்ணிப்பார்க்க.

நிறம் பற்றி இரு சாரார் உளர். பின்புறச் சிற்பங்களின் பின்னணி நீலம் என்று நெடுங்காலம் கருதினர்; பல மாதிரிகளும் அப்படியே நீலமும் பொன்னுமாக நின்றன. பிற்காலத்தில் மரத்தில் ஒட்டியிருந்த சாயத் துகள்களை நுண்ணோக்கியில் ஆராய்ந்து, பின்னணி சிவப்பு என்று முடிவு செய்தார்கள். தூரிகையும் கையுமாக ஆண்டுக்கணக்கில் நீலம் பூசியவர்கள் ஒரே நாளில் பிழைபட்டனர். ஆய்வாளர் பரிந்துரை: சாயம் பூசும் கட்டம் வந்தால் அடுத்த ஆய்வு முடிவு வெளிவரும்வரை பொறுத்திருப்பது நன்று. வீட்டில் காரணம் கேட்டால் சொல்லவும் உதவும்.

கருதுகோளுக்கு மீள்வோம். வாசாவை மீட்டவர்கள் சேற்றிலிருந்து 14,000க்கும் மேற்பட்ட மரத்துண்டுகளைப் பொறுக்கி எடுத்து, எது எங்கே பொருந்தும் என்று கண்டறிந்து மீண்டும் இணைத்தார்கள். அக்காலக் கப்பல்கள் வரைபடமின்றியே கட்டப்பட்டன. ஆகவே வழிகாட்டிப் புத்தகமும் இல்லை, பெட்டியின் மேல் வண்ணப்படமும் இல்லை. பிறகு மரம் சுருங்கி வெடிக்காமல் இருக்க 1962 தொடங்கி 17 ஆண்டுகள் பாலிஎத்திலீன் கிளைக்கால் தெளித்தார்கள். வார்னிஷ் காய ஓர் இரவு பொறுக்கமாட்டாதவர் கவனிக்க. இன்று அது கூரைக்கடியில், சூடும் ஈரப்பதமும் அளந்து வைக்கப்பட்டு, யாரும் ஏறமுடியாமல், சுற்றி நின்று பார்க்கும்படி நிற்கிறது. கப்பல்புழு பால்டிக்கின் உப்புக் குறைந்த நீரில் வாழாததால் மரம் இத்தனை காலம் தப்பியது. நம் வீட்டுக் கரையானிடம் அந்தத் தயவை எதிர்பார்க்கமுடியாது.

சாளரச் சான்றும் கூறத்தக்கது. கிட் மாதிரிகளில் பீரங்கிகள் வெளியே நீட்டியிருக்க, சாளரக் கதவுகளைத் திறந்தபடி ஒட்டிவிடுவது மரபு, அழகு அதில்தான். 1628 ஆகஸ்ட் 10 அன்று வாசாவின் சாளரங்கள் திறந்திருந்த காரணமும் அதுவே: புறப்பாட்டு மரியாதைக்காகப் பீரங்கி முழங்கவேண்டியிருந்தது, அரசனின் கலத்தை ஊர் பார்க்கவேண்டியிருந்தது. புறப்படும் முன் துறையில் 30 பேரை மேல்தளத்தில் பக்கத்துக்குப் பக்கம் ஓடவிட்டுச் சோதித்தார்கள். மூன்று முறை ஓடியதுமே கப்பல் கவிழ்ந்துவிடும்போல் ஆடியதால் சோதனையை நிறுத்தினார்கள், பயணத்தை நிறுத்தவில்லை. மாதிரிக் கப்பலில் 30 பேர் என்ன, பூனையே ஓடினாலும் கவிழாது. கீழே தாங்கி இருக்கிறது. வாசாவுக்கு மாதிரிக் கப்பலாக முழுத் தகுதி பெற இல்லாதிருந்தது அந்தத் தாங்கி ஒன்றுதான். கரையேறியபின் அதுவும் வாய்த்தது. கருதுகோள் நிறுவப்பட்டது.

எஞ்சியது பழி யாரைச் சேரும் என்பது. 1628 விசாரணையில் மாலுமிகள் குடித்திருந்தார்களா, பீரங்கிகள் சரியாகக் கட்டப்பட்டிருந்தனவா என்று கேட்டார்கள்; இரண்டுமே குற்றமாக நிற்கவில்லை. கட்டியவர்கள் மன்னர் ஒப்புக்கொண்ட அளவில்தான் கட்டினோம் என்றார்கள். தலைமை ஆசாரி ஹென்ரிக் ஹைபெர்ட்சன் முந்திய ஆண்டே இறந்துவிட்டார். முடிவில் யாரும் தண்டிக்கப்படவில்லை. மாதிரிக் கப்பல் கட்டுவோரும் இம்முன்னுதாரணத்தைச் சார்ந்து வாதாடலாம்: மரம் சரியில்லை, வரைபடம் சரியில்லை, பெட்டி வாங்கச் சொன்னவர் வெளியூர் போய்விட்டார்.

இத்தனைக்கும் பிறகு வாங்கியே தீருவேன் என்பவருக்கு ஒரு சொல். அடிக்கோல் ஒன்றே வைத்துக்கொள்ளுங்கள். பாகங்களைப் பெட்டி திறந்த அன்றே எண்ணிவிடுங்கள். வேறு எதையும் ஒட்டுவதற்கு முன்னால் தாங்கியைச் செய்யுங்கள். வழிகாட்டிப் புத்தகத்தில் அதைக் கடைசிப் பக்கத்தில் தேடவேண்டியிருக்கும்.